பட்டன் யுத்தமும் பெல்ட் அடியும்

'லா கேர் தே பூத்தோன்', அதாவது 'பட்டன் யுத்தம்' படத்தப் பத்தி யாரு எழுதினாலும் கடைசில அந்தக் குட்டி ஜிபுஸ் பையன்கிட்ட போய்தான் நிப்பாங்க. தப்பு சொல்ல முடியாது, அந்தப் பையன் அப்படி. பெரிய ஆளுங்க தொப்பி மாதிரி ஒண்ண மாட்டிகிட்டு, எல்லாரும் சண்டைக்கு ஓடும்போது கடைசி ஆளா மூச்சு வாங்கிட்டு ஓடி வருவான், வந்துட்டு "தெரிஞ்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன்"னு இலக்கணத்தக் கண்டபடி ஒடச்சு ஒரு டயலாக் விடுவான், பிரான்ஸ்ல அறுபது வருஷம் தாண்டியும் அத சொல்லி சிரிக்காத ஆள் இல்ல. ஆனா எனக்கு ரொம்ப நாளா மண்டைல ஓடிட்டு இருக்கறது அந்தப் பையன் இல்ல, படத்தோட பேர்லயே இருக்கற பட்டன். ஏன் பட்டன்? பசங்க சண்டைனா கல்லு, குச்சி, மண்ணுருண்டை போதாதா? அத பத்திதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமா போகும்.

பார்க்காதவங்களுக்கு சுருக்கமா கதை. 1962ல ஈவ் ரொபேர் எடுத்த ஃப்ரெஞ்சு காமெடி, கறுப்பு வெள்ளை. லூயி பெர்கோன்னு ஒருத்தர் 1912ல எழுதின நாவல்தான் மூலம், நாவலுக்கு அடித்தலைப்பு 'என் பன்னிரண்டாவது வயசின் நாவல்'. பக்கத்து பக்கத்துல ரெண்டு கிராமம், லோன்ஜெவெர்ன், வெல்ரான். ரெண்டு ஊர் பசங்களுக்கும் பரம்பரைப் பகை, ஏன்னு அவங்களுக்கே சரியா தெரியாது. நாவல்ல அதுக்கு ஒரு பூர்வ கதை வருது, ஊர் எல்லைல நோய் வந்து செத்துப்போன ஒரு மாட்ட எந்த ஊர்க்காரன் புதைக்கறதுன்னு ஆரம்பிச்ச தகராறு, தலைமுறை தலைமுறையா இறங்கி வந்து பசங்க கைல விழுந்திருக்கு. லோன்ஜெவெர்ன் பசங்களுக்குத் தலைவன் லெப்ராக். வெல்ரான் பக்கம் அஸ்டெக். ஸ்கூல் விட்டதும் ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கற காட்டோரம் சண்டை. ஒரு நாள் வெல்ரான் பையன் ஒருத்தன் மாட்டிக்கிறான், இவனுங்களுக்கு அவன என்ன பண்றதுன்னு தெரியல, லெப்ராக் கத்திய எடுத்து அவன் சட்டை, டவுசர்ல இருக்கற எல்லா பட்டனையும் அறுத்து எடுத்துட்டு, கொக்கி, சஸ்பெண்டர், ஷூ லேஸ் வரைக்கும் உருவிட்டு, டவுசர கைல பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு நடன்னு அனுப்பிடறான். அதோட யுத்தத்துக்கு விதிமுறை கிடைச்சிடுது. பட்டன்தான் இனிமே கொள்ளைப்பொருள், அதுதான் பதக்கம்.

அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தப்போ அவனோட உக்காந்து திரும்ப பார்த்தேன், சப்டைட்டில் வேகத்துக்கு அவனால படிக்க முடியாதுன்னு நான்தான் பக்கத்துல டப்பிங். சண்டை எல்லாம் நல்லா ரசிச்சான். இந்த பட்டன் அறுக்கற இடத்துல மட்டும் திரும்பிப் பார்த்து, "இதுல என்ன மாமா இருக்கு, வீட்டுக்குப் போய் வேற டிரஸ் போட்டுக்க வேண்டியதுதானே?"ன்னான். சட்டுனு பதில் வரல எனக்கு. ஏன்னா அவன் கேட்டது படத்தோட ஆணிவேர.

வேற டிரஸ் கிடையாது, அதான் பதில். இருக்கறது ஒண்ணு, மிஞ்சிப்போனா ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போட ஒண்ணு. நாவல் நடக்கற காலம் பத்தொம்பதாம் நூற்றாண்டோட கடைசி, இடம் பிரான்ஸோட கிழக்கு ஓரத்துல ஃப்ரான்ஷ்-கோந்தே மலைப்பக்கம், மாடு வச்சு பொழைக்கற சின்னச் சின்ன ஊர். அங்க பையனோட டவுசர்ங்கறது அப்பாவோட பழைய டவுசர்ல வெட்டினது. பட்டன கடைல காசு குடுத்து வாங்கணும், காசுங்கறது அந்த வீடுகள்ல அபூர்வமா கண்ணுல படற சமாச்சாரம். அதனால பட்டன் இல்லாம வீட்டுக்குப் போற பையனுக்கு அடி விழும், செல்லமா ரெண்டு தட்டு இல்ல, நிஜமான அடி. லெப்ராக்கே ஒரு நாள் எதிரி கைல மாட்டி, அவன் பட்டனையும் அறுத்து அனுப்பிடறாங்க, அன்னிக்கு ராத்திரி அவன் அப்பா அடிக்கற அடிய நாவல்ல படிச்சா சிரிப்பு நின்னுடும். சண்டைல வாங்கின அடி எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இங்கதான் பெர்கோவோட மூளைய பாராட்டணும். பசங்களோட யுத்தத்துல உண்மையான ஆயுதம் எதிரியோட அப்பா. நீ என்ன குச்சியால அடிச்சா எனக்கு வீரம். நீ என் பட்டன அறுத்தா எங்கப்பா என்ன அடிப்பார், அது அவமானம், அழுகை, ராத்திரி சாப்பாடு கட். எதிரிய அடிக்க எதிரி வீட்டுப் பெல்ட்டையே உபயோகப்படுத்தற தந்திரம் இது. இத காமெடின்னு சொல்றோம், காமெடிதான், வயிறு வலிக்க சிரிக்கலாம், ஆனா கணக்கு எல்லாம் வறுமைல போட்ட கணக்கு.

எங்க வீட்லகூட கிழிஞ்ச சட்டைய கரித்துணியாக்கறதுக்கு முன்னாடி பட்டன வெட்டி ஒரு டப்பால போட்டு வைக்கறது உண்டு, அந்த டப்பா இப்ப எங்க இருக்குன்னு தெரியல. அக்கா பையனுக்கு அதெல்லாம் சொல்லி என்ன பண்ண, அவன் டிராக் பேன்ட்ல பட்டனே கிடையாது.

சரி, லெப்ராக் அடி வாங்கின கையோட யோசிக்கறான். பட்டன் போனாதானே அடி? துணியே இல்லாம சண்டை போட்டா? அதான் படத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற அந்த சீன், ஒரு படையே அம்மணமா, கைல கட்டைக் கத்தியோட, கத்திக்கிட்டு வெட்டவெளில பாய்ஞ்சு வர்றது. எதிர்ப்பக்கம் வெல்ரான் பசங்க இத பார்த்து அதிர்ச்சிலயே ஓட்டம் எடுக்கறானுங்க. ஜெயிச்சாச்சு. ஆனா குளிரு, முள்ளு. ஒரு தடவை ஓகே, தினம் முடியாது. அப்பறம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி வருது: யுத்த நிதி.

பட்டன், கொக்கி, நூல், ஊசி, எலாஸ்டிக், லேஸ் எல்லாம் முன்கூட்டியே வாங்கி ஸ்டாக் வச்சுக்கணும், மாட்டினவனுக்கு அங்கயே தச்சுக் குடுத்து வீட்டுக்கு அனுப்பணும். அதுக்குக் காசு வேணும். லெப்ராக் வரி போடறான், ஆளுக்கு மாசம் ஒரு சூ. ஒரு சூன்னா அஞ்சு சான்டீம், இருபது சூ சேர்ந்தா ஒரு ஃப்ராங்க், அவ்வளவு சின்னக் காசு. அதுவும் இல்லாத பசங்க இருக்கானுங்க. உடனே சபைல வாக்குவாதம். எல்லாரும் சமமா குடுக்கணும், நாம குடியரசு, சமத்துவம்னு சுவத்துல எழுதி வச்சிருக்கோம்னு ஒரு கட்சி. இல்லாதவன் எங்கிருந்துடா குடுப்பான், இருக்கறவன் கூட குடுக்கட்டும்னு இன்னொரு கட்சி. காலைல ஸ்கூல்ல வாத்தியார் சிமோன் குடிமகன்னா என்னன்னு கத்துக்குடுத்து, சொல்லத் தெரியாதவனுக்குத் தண்டனை வேற குடுத்திருப்பார், சாயங்காலம் பசங்க காட்டுல உக்காந்து அதே பாடத்த நிஜமா நடத்திட்டு இருப்பானுங்க, அவர்கிட்ட கத்துக்கிட்டதுன்னு அவனுங்களுக்கே தெரியாது. வரிவிதிப்பு பத்தின சட்டசபை விவாதம் மொத்தமும் அந்த நாலஞ்சு பக்கத்துல இருக்கு. பெர்கோ இதுக்கு ஒரு விளக்கமும் குடுக்கல, சும்மா பசங்க பேசறத எழுதிட்டு போயிட்டே இருக்கார்.

பெர்கோ யாருன்னு தெரிஞ்சா இது இன்னும் புரியும். 1882ல தூ மாவட்டத்துல பெல்மோன்ங்கற கிராமத்துல பொறந்தவர், அப்பா ஸ்கூல் வாத்தியார், இவரும் வாத்தியார். 1905 வாக்குல லான்ட்ரெஸ்ங்கற ஊர்ல வேலை. அந்த 1905தான் பிரான்ஸ்ல சர்ச் தனி, அரசாங்கம் தனின்னு பிரிச்ச சட்டம் வந்த வருஷம். ஊர் வாத்தியார்னா குடியரசோட ஆள், பாதிரியார் எதிர்க்கட்சி, கிராமம் கிராமமா இந்த சண்டைதான். பெர்கோ சர்ச்சுக்குப் போகாத ஆசாமி, ஊர்ல பாதிப் பேருக்கு இவரப் பிடிக்கல. 1907ல கிளம்பி பாரீஸ் போயிட்டார். 1910ல மிருகங்கள வச்சு எழுதின சிறுகதைத் தொகுப்புக்கு கோன்கூர் பரிசு கிடைச்சுது, பிரான்ஸ்ல அதுக்கு மேல இலக்கியப் பரிசு கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு இந்த நாவல். லான்ட்ரெஸ்தான் லோன்ஜெவெர்ன்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு ஊர் பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குது, மறைக்கணும்னு பெருசா மெனக்கெடல.

முன்னுரைல மனுஷன் தெளிவா சொல்லிடறார், வீடும் ஸ்கூலும் பூசி விடற பொய் வேஷம் இல்லாம எங்க வாழ்க்கைய, முரட்டுத்தனத்தோட, அப்படியே வைக்கணும்னு. அதனால கெட்ட வார்த்தை கொட்டிக் கிடக்கும். முதல் அத்தியாயத்துலயே பசங்க ராத்திரி போய் எதிரி ஊர் சர்ச் கதவுல சாக்பீஸால ஒரு வசவு எழுதிட்டு வருவானுங்க, எழுத்துக்கு எழுத்து பிழையோட. சர்ச் கதவுலங்கறது சும்மா இல்ல, வெல்ரான் பாதிரியார் சொன்னா கேக்கற ஊர், லோன்ஜெவெர்ன் சிவப்பு ஊர், அதாவது குடியரசுக் கட்சி. பெரியவங்க அரசியல் பசங்க சண்டைக்குள்ள அப்படியே ஊறிப்போயிருக்கு.

இந்த சர்ச் விவகாரம் படத்துல காணோம். ஈவ் ரொபேரும் ஸ்க்ரீன்ப்ளே எழுதின ஃப்ரான்சுவா போயேவும் அத தூக்கிட்டாங்க. 1962ல பாதிரியார் வாத்தியார் சண்டை பழங்கதை ஆயிடுச்சு, யாருக்குப் புரியும்? படத்துல சண்டை ஆரம்பிக்கறது காசநோய் ஒழிப்பு ஸ்டாம்ப் விக்கப் போற இடத்துல, ஸ்கூல் பசங்க வீடு வீடா போய் அத விக்கறது அப்ப பிரான்ஸ்ல வழக்கம், யார் ஏரியால யார் விக்கறதுன்னு தகராறு. நல்ல மாத்தம்தான், ஆனா கொஞ்சம் சாதுவா போயிடுச்சு. போயே சாதாரண ஆள் இல்ல, 1947ல 'அறியாத விளையாட்டுகள்'னு ஒரு நாவல் எழுதினவர், 1940ல ஜெர்மன்காரன் குண்டு போடறப்போ அப்பா அம்மாவ இழந்த ஒரு சின்னப் பொண்ணும் கிராமத்துப் பையனும் செத்த மிருகங்களுக்கு கல்லறை கட்டற கதை, 1952ல ரெனே கிளெமான் அத 'தடை செய்யப்பட்ட விளையாட்டுகள்'ங்கற பேர்ல படமா எடுத்தார், பார்த்தா ஒரு வாரம் தூக்கம் வராது. அதே ஆள்தான் பத்து வருஷம் கழிச்சு இந்தக் காமெடிய எழுதறார். பசங்களையும் யுத்தத்தையும் எப்படி சேர்த்து வைக்கறதுன்னு அவருக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.

இத எடுக்கறேன்னு ஈவ் ரொபேர் சொன்னப்போ யாரும் கை குடுக்கல. ஸ்டார் கிடையாது, கலர் கிடையாது, பாதிப் படம் பசங்க, அதுலயும் அம்மணமா வேற ஓடறானுங்க. அவரும் அவர் மனைவி, நடிகை தனியேல் தெலோர்மும் சேர்ந்து 'லா கெவீல்'னு சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. நாவல் நடக்கற கிழக்குப் பக்கம் போகாம பாரீஸுக்குத் தென்மேற்கே ராம்பூயே சுத்துவட்டாரக் கிராமங்கள்ல எடுத்தாங்க. பெரியவங்க வேஷத்துக்கு ழான் ரிஷார், மிஷேல் கலபுரு, ழாக் துஃபிலோ மாதிரி காமெடில தேர்ந்த ஆளுங்க, எல்லாரும் அளவா வந்து அளவா போவாங்க. விநியோகம் பண்ண உள்ளூர் ஆளுங்க தயங்கினப்போ வார்னர் கம்பெனி எடுத்துக்கிச்சு. வாங்காதவங்க முகம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, ஏறக்குறைய ஒரு கோடி டிக்கெட் வித்துது. நாட்டோட ஜனத்தொகையே அப்ப அஞ்சு கோடி இல்ல. ஜனங்க ஒரு பக்கம் கூட்டமா வர, இன்னொரு பக்கம் அதே வருஷம் ழான் விகோ பரிசும் குடுத்தாங்க, சினிமாக் கலை பேசறவங்க கொடுக்கற பரிசு அது. ரெண்டும் சேர்ந்து வர்றது லேசுல நடக்காது.

ஏன் இவ்வளவு ஓடிச்சுன்னு நானா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். ரிலீஸ் தேதி ஏப்ரல் 18, 1962. அதுக்கு சரியா ஒரு மாசம் முன்னாடி, மார்ச் 18, எவியான் ஒப்பந்தம் கையெழுத்தாகி, பிரான்ஸ் கைல இருந்த அல்ஜீரியாவோட விடுதலைப் போர் முடிவுக்கு வருது. கிட்டத்தட்ட எட்டு வருஷம் நடந்த போர், பத்து லட்சத்துக்கும் மேல ஃப்ரெஞ்சு வாலிபப் பசங்கள கட்டாய ராணுவ சேவைல அங்க அனுப்பியிருந்தாங்க, அரசாங்கம் அத யுத்தம்னு சொல்லவே சொல்லாது, 'நிகழ்வுகள்'னு சொல்லும். யுத்தம்ங்கற வார்த்தைய பேர்லயே வச்சுகிட்டு, கைதி புடிக்கறது, துரோகி, விசாரணை, பழிவாங்கல் எல்லாம் இருக்கற ஒரு படம், ஆனா யாரும் சாகல, எல்லாரும் ராத்திரி வீட்டுக்கு வந்துடறாங்க. அந்த வசந்தத்துல தியேட்டர்ல உக்காந்த அம்மாக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும். நிரூபிக்க முடியாது, ஆனா எனக்கு அப்படித்தான் தோணுது.

பெர்கோவோட கதை தெரிஞ்சவங்களுக்கு இது இன்னும் உறுத்தும். 1914ல நிஜ யுத்தம் வந்துச்சு, இவரையும் கூப்பிட்டாங்க. 1915 ஏப்ரல் 7 ராத்திரி, வெர்தூனுக்குக் கிழக்கே மார்ஷெவீல் பக்கம் ஜெர்மன் வரிசை மேல தாக்குதல், அதுல காயம்பட்டு முள்கம்பில விழுந்தார். உடம்பு கிடைக்கவே இல்ல. வயசு 33. மண்ணுருண்டையும் பட்டனும் வச்சு யுத்தம் எழுதின ஆள்.

அவர் செத்த விதத்துக்கு நூறு வருஷம் கழிச்சு ஒரு சட்ட விளைவு வந்துச்சு, கேட்டா சிரிப்பீங்க. ஃப்ரெஞ்சு காப்பிரைட் சட்டத்துல, ரெண்டு உலகப் போர் நடந்த வருஷங்களுக்குப் பதிலா எழுத்தாளர் குடும்பத்துக்குக் கூடுதல் காலம் உண்டு. நாட்டுக்காக உயிர் விட்டவர்னு பதிவான எழுத்தாளருக்கு அதுக்கும் மேல இன்னொரு 30 வருஷம். பழைய சட்டப்படி செத்தப்பறம் 50 வருஷம், அதோட இதையெல்லாம் கூட்டினா தொண்ணூத்து நாலு வருஷமும் சொச்ச நாளும் வருது. ஆக 1915ல செத்தவரோட நாவல் பொதுச் சொத்தாகறது 2010 இலையுதிர் காலத்துல. ஆன உடனே என்ன ஆச்சு? ரெண்டு கம்பெனி ஒரே நேரத்துல ரீமேக் அறிவிச்சுது. ஒருத்தரும் விட்டுக் குடுக்கல. 2011 செப்டம்பர் 14ல யான் சாமுவெல் எடுத்தது ரிலீஸ், ஒரே வாரம் கழிச்சு 21ல கிறிஸ்தோஃப் பாரத்தியே எடுத்தது 'புதிய பட்டன் யுத்தம்'ங்கற பேர்ல ரிலீஸ். ஒரே நாவல், ஒரே லெப்ராக், ஒரே அம்மண சண்டை, ஒரே ஊர்ல பக்கத்து பக்கத்து தியேட்டர்ல. ரெண்டு படக் கம்பெனியும் லோன்ஜெவெர்ன் வெல்ரான் மாதிரியே அடிச்சுகிட்டாங்கன்னு அப்ப எல்லாருமே எழுதினாங்க, எழுதாம இருக்க முடியாது, அவ்வளவு வசதியான ஜோக்.

ரெண்டையும் பார்த்தேன். பாரத்தியே படம் கதைய 1944க்கு கொண்டு போயிடுது, ஜெர்மன் ஆக்கிரமிப்பு, ஊருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற யூதப் பொண்ணு, வாத்தியாரா கியோம் கனே, தையல் சாமான் கடைக்காரம்மாவா லெத்தீஷியா கஸ்தா. எல்லாம் அழகா இருக்கு, அதான் பிரச்சனையே. நாஜிக்காரன் ஊருக்குள்ள நிக்கும்போது பட்டன் யாருக்கு வேணும்? பெரிய யுத்தம் வந்து சின்ன யுத்தத்த முழுங்கிடுச்சு. சாமுவெல் படம் 1960ல நடக்குது, கலர் கலரா, வெயில் எப்பவும் சாயங்கால வெயில். அதுல ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க, லான்டெர்ன்னு ஒரு பொண்ணு நானும் சண்டைக்கு வருவேன்னு மல்லுக்கு நிக்கறா. பழைய படத்துல பொண்ணுன்னு பார்த்தா மரி மட்டும்தான், அவ வேலை தைக்கறது. மொத்தப் படைக்கும் பட்டன் தச்சுக் குடுக்கறவ, யுத்தம் ஓடறதே அவ ஊசில, ஆனா பேச்சு ரெண்டு வரி. அத இப்ப பார்க்கும்போது எரிச்சலா வருது, மறைக்க ஒண்ணுமில்ல.

ஆனாலும் ரெண்டு ரீமேக்கும் ஏன் ஒட்டலன்னா, ரெண்டையும் கூட்டினாக்கூட பழைய படத்தோட டிக்கெட்ல பாதி வரல, காரணம் நடிப்போ எடுத்த விதமோ இல்ல. ரெண்டு படத்துலயும் துணி எல்லாம் புதுசா இருக்கு. சட்டை கிழிஞ்சாலும் அளவெடுத்து கிழிச்ச மாதிரி கிழியும். பட்டன் அறுந்து விழற சீன்ல க்ளோசப், மியூசிக், ஆனா நமக்கு பயம் வரல. எந்த டைரக்டர் வந்தாலும் பட்டனுக்கு விலைய எங்கிருந்து கொண்டு வருவார்? 1962ல ஈவ் ரொபேருக்கு அது இலவசமா கிடைச்சுது. ராம்பூயே பக்கத்துக் கிராமங்கள்ல அப்பவும் சேறு, கோழி, வைக்கோல் வண்டி, திட்டற அம்மா. ஊருக்கு ஒரு டிராக்டர் வந்துட்டு இருந்த நேரம். படத்துலயே அது இருக்கு பாருங்க, லோன்ஜெவெர்ன் கூட்டத்துலயே இருந்த துரோகி பக்காயே காட்டிக் குடுத்தப்பறம் அஸ்டெக் அப்பாவோட டிராக்டர ஓட்டிட்டு வந்து லோன்ஜெவெர்ன் பசங்க கட்டின குடிசைய நசுக்கறான். நாவல்ல டிராக்டருக்கு வழியே இல்ல, கையால பிரிச்சுப் போட்டு நாசம் பண்ணுவானுங்க. இந்த ஒரு மாத்தத்துக்காக ரொபேருக்கும் போயேவுக்கும் கை குடுக்கலாம். குச்சியும் பட்டனும் இருக்கற யுத்தத்துக்குள்ள மெஷின் வந்தாச்சு, அப்பறம் அது விளையாட்டு இல்ல, அங்கதான் பெரியவங்களும் உள்ள வர்றாங்க. பத்து வருஷம் கழிச்சு எடுத்திருந்தா அவருக்கே அந்த ஊர் கிடைச்சிருக்காது.

நடுவுல 1994ல அயர்லாந்துல ஒண்ணு எடுத்தாங்க, டேவிட் பட்னம் தயாரிப்பு, ஜான் ராபர்ட்ஸ் டைரக்‌ஷன், கார்க் மாவட்டக் கடலோர கிராமங்கள். ரீமேக்குகள்ல எனக்கு அதான் பரவால்லன்னு தோணுச்சு, ஏழை ஊர் ஏழை ஊராவே இருந்துச்சு. 1936லயும் ஒரு படம் உண்டு, அதுல சின்னப் பையனா பின்னாளைய பாடகர் ஷார்ல் அஸ்னவூர் ஒரு ஓரத்துல வருவார்.

குட்டி ஜிபுஸ் பத்தி ஒண்ணுமே சொல்லாம முடிச்சா அடிக்க வருவீங்க. நாவல்ல அவன் அண்ணன்கூட சுத்தற கூட்டத்துல ஒருத்தன், அவ்வளவுதான். படத்துல மார்ட்டன் லார்த்திக்ன்னு ஒரு பொடியன், பெரிய ஜிபுஸா நடிச்சது நிஜத்துலயும் அவன் அண்ணன், ரெண்டு பேரும் புகழ்பெற்ற ஃபோட்டோகிராஃபர் ழாக் ஆன்ரி லார்த்திக்கோட பேரப்பசங்க. கேமராவுக்கு பயம்னா என்னன்னே தெரியாத பையன். பெரியவங்க குடிக்கற கால்வா சாராயத்த வாங்கி மடக் மடக்னு ஊத்திக்கற சீன் இப்ப எந்த நாட்லயும் எடுக்க விடமாட்டாங்க. ரொபேருக்கு அவன் கைல என்ன இருக்குன்னு புரிஞ்சு, அடுத்த வருஷமே போயே எழுதின இன்னொரு நாவல வச்சு அவனையே ஹீரோவாக்கி 'பெபேரும் ஆம்னிபஸ்ஸும்'னு ஒரு படம் எடுத்தார். பாதி தேறும். அந்தப் பையன் பின்னாடி ஓவியரா ஆயிட்டார், ஆனா எங்க போனாலும் அந்த ஒரு டயலாக்க சொல்லச் சொல்லி கேட்டிருப்பாங்க, பாவம்.

கிளைமாக்ஸ் விஷயத்துல மட்டும் நான் நாவல் கட்சி. நாவல்ல பக்காயேவ பிடிச்சு பசங்க குடுக்கற தண்டனை ரொம்பக் கொடூரம், படத்துல அத பாதியா குறைச்சிருக்காங்க. அவன் அந்தக் கோலத்துல வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் உளற, ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் ஒரே நேரத்துல அடி ஆரம்பிக்குது, தெரு பூரா பசங்க அலறல். அடுத்த நாள் எல்லாம் முடிஞ்சு உடம்பு வீங்கி உக்காந்திருக்கும்போது லா க்ரீக்ங்கற படிப்பாளிப் பையன், நாமளும் வளந்தா ஒருவேளை இவங்கள மாதிரியே முட்டாளா ஆயிடுவோமோன்னு கேக்கறான், நாவல் முடிஞ்சிடுது. ஆறுதலுக்கு ஆளே இல்ல. படத்துல லெப்ராக் காட்டுக்குள்ள ஓடி ஒளிஞ்சு, ஊரே தேடி, கடைசில புடிச்சு ஹாஸ்டல் ஸ்கூல்ல கொண்டு போய் விட்டா, அங்க அஸ்டெக்கும் அதே தண்டனைக்கு வந்து நிக்கறான், ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு சிரிக்கறானுங்க. நல்ல சீன், தியேட்டர்ல கைதட்டல் அள்ளியிருக்கும், நானும் சிரிச்சேன். ஆனா அந்த அடி வாங்கின ராத்திரிய இது கொஞ்சம் சீக்கிரமாவே துடைச்சு விட்டுடுது.

பார்க்கறதா இருந்தா 1962 படத்துல ஆரம்பிங்க, கலர் பண்ணின வெர்ஷன் ஏதாவது கைல சிக்கினா தொடாதீங்க. ஃப்ரெஞ்சு படிக்கறவங்க நாவலுக்கு நேரா போகலாம், காப்பிரைட் முடிஞ்சதால நெட்ல ஓசிலயே கிடைக்குது. கிராமத்து ஃப்ரெஞ்சு, டிக்‌ஷனரில பாதி வார்த்தை இருக்காது, முதல் மூணு அத்தியாயம் பல்லக் கடிச்சுகிட்டு தாண்டிட்டா அப்பறம் தானா ஓடும். வரி போடற அத்தியாயம் வந்ததும் எனக்கு ஒரு கமென்ட் போடுங்க, ஆளுக்கு ஒரு சூ கட்சியா, இருக்கறவன் குடுக்கட்டும் கட்சியான்னு. எங்க வீட்ல இன்னும் முடிவாகல, அக்கா பையன் முதல் கட்சி, அக்கா ரெண்டாவது கட்சி.